உள்ளுக்கு வாங்க, இடம் இரிக்கி

அவருடைய பஸ்ஸில் இடமில்லை என்ற பேச்சே கிடையாது. கால் வைக்க முடியாத நெரிசலில் வாசலில் நின்றுகொண்டு, "உள்ளுக்கு வாங்க, இடம் இரிக்கி" என்பார். எங்கே என்று கேட்டால் பின்பக்கம் கையைக் காட்டுவார். பின்பக்கம் நிற்கிறவர்கள் கேட்டால் முன்பக்கம் காட்டுவார். சுத்தப் பொய். ஆனாலும் அந்த பஸ்ஸை மறித்துக் கை காட்டிய எவரும் ஏற முடியாமல் றோட்டில் நின்றதை நான் பார்த்ததில்லை.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஓடும் தனியார் பஸ் அது. அவர் அதில் கொண்டக்டர். நான் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியன், அதனால் எல்லாருக்கும் 'சேர்'. மருதமுனையில் ஏறுவேன், பாண்டிருப்பைத் தாண்டிக் கல்முனையில் இறங்குவேன். மருதமுனை முஸ்லிம் ஊர். பாண்டிருப்பு தமிழர் ஊர். கல்முனையில் இரண்டு சனமும் உண்டு, இரண்டு சனத்துக்கும் இடையில் வழக்குகளும் உண்டு. பஸ்ஸுக்கு அதெல்லாம் தெரியாது. எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்குப் பெயர் இருந்தது. நான் எழுதப் போவதில்லை. முஸ்லிம்கள் நாங்கள் அண்ணனைக் காக்கா என்போம், கரையோரம் முழுக்க அவர் கொண்டக்டர் காக்காதான். பாண்டிருப்புப் பிள்ளைகளுக்குக் கொண்டக்டர் அண்ணன். சாய்ந்தமருது ஆள். ஒடிசலான உடம்பு, நீட்டுக் கழுத்து. வலக்கை எப்போதும் மேல் கம்பியில் இருக்கும். இடக்கை விரல்களுக்கிடையில் நோட்டுகளை நீளவாக்கில் மடித்துச் செருகியிருப்பார். ரிக்கட் கொடுப்பதும் மிச்சக் காசு கொடுப்பதும் அந்த இடக்கையால்தான். கையில் கடிகாரம் கட்டமாட்டார். இதனால் பஸ் நிலையத்தில் நேரம் பார்க்கிறவரோடு தினமும் சண்டை. ஏழரைக்கு வரவேண்டிய பஸ் எப்போது வரும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வழியில் எவளாவது ஒருத்தி சந்து ஒழுங்கைக்குள் இருந்து கையை ஆட்டினால் போதும், பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. அவள் பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டி, கதவைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரும்வரை இரண்டாவது தட்டு விழாது. ட்ரைவர் வாய்க்கு வந்தபடி ஏசுவார். நானும் ஏசியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் வரவு இடாப்பில் எனக்குச் சிவப்புக்கோடு விழுந்ததில் பாதி அவரால்தான்.

ஒரு நாள் பொறுக்க ஏலாமல் கேட்டேன்: உமக்கு நேரம் என்று ஒன்று தெரியுமா?

"ஏழரை நாளைக்கும் வரும் சேர்," என்றார். "இந்த உம்மா நாளைக்கு வருவாவா?"

இப்படி ஓர் ஆள் சாரணர் இயக்கத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

பள்ளிக்கூடத்தில் சாரணருக்கும் நான்தான் பொறுப்பு. எங்கள் சாரணர் மாவட்டம் அப்போது பெயருக்குத்தான் மாவட்டம். பிள்ளைகள் போதாது. என் பள்ளிக்கூடத்து அணிகளும் பக்கத்தில் இரண்டொரு பள்ளிக்கூடத்து அணிகளும் சனிக்கிழமை பின்னேரம் ஒரே மைதானத்தில் கூடும். அப்படிக் கூடியும் மைதானத்தின் ஒரு மூலைகூட நிரம்பாது. தொகை கூடாவிட்டால் அடுத்த வருடம் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சேர்த்தால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்டார்கள். பயிற்சியும் பாசறையும் போட்டியும் தூரத்துக்குப் போய்விடும். தறிக்காரன் பிள்ளையையும் தோணிக்காரன் பிள்ளையையும் வீட்டில் அவ்வளவு தூரம் விடமாட்டார்கள். இங்கே சாரணியம் செத்துப்போகும். நான் வகுப்பு வகுப்பாகப் போய்க் கத்தினேன். ரியூசன் இருக்கிறது என்றார்கள், வெயில் என்றார்கள். ஒருவனும் வரவில்லை.

இதை நான் பஸ்ஸில் யாரிடமோ சொல்லிப் புலம்பியதை அவர் கேட்டிருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மைதான வாசலில் நிற்கிறார். தோளில் காசுப் பை. பின்னால் ஒரு கூட்டம் பிள்ளைகள். சிலருக்கு உடுப்புச் சரியில்லை, சிலர் கையில் ரியூசன் கொப்பி, ஒருவன் தலையில் பாண் பை.

"எங்க நிப்பாட்ட சேர்?" என்று கேட்டார். சாமான் இறக்க வந்தவர் மாதிரி.

எனக்கு விளங்கவில்லை. அவருக்குச் சாரணியம் தெரியாது. அவருடைய பிள்ளை எதுவும் இந்தக் குழுவில் இல்லை. ஒரு சதம் கிடைக்காது. பிறகு ஏன்? அந்தக் கேள்வி அன்று எனக்குள் போனது, இன்றுவரை முழுதாக வெளியே வரவில்லை.

பிள்ளைகளை எப்படிப் பிடித்தார் என்பதை மட்டும் கண்டுபிடித்தேன். பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கவனிப்பார். யாராவது ஏறும்போது எழும்பி இடம் கொடுக்கிற பிள்ளையைக் கண்டால் தோளில் தட்டி, "நீ சாரணன்தான், சனிக்கிழமை வா" என்பார். நல்ல முறை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், எழும்பாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையையும் கூப்பிடுகிறார். இவன் எதற்கு என்றேன். "இவனுக்குத்தானே சேர் தேவை," என்றார். எழும்புகிறவனும் வேண்டும், எழும்பாதவனும் வேண்டும் என்றால் மிச்சம் யார்? மிச்சம் ஒருவருமில்லை. மருதமுனைப் பிள்ளைகள் வந்தார்கள், பாண்டிருப்புப் பிள்ளைகள் வந்தார்கள், சாய்ந்தமருதிலிருந்து கடற்கரைப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு பள்ளித் தவணைக்குள் மைதானத்தின் மூன்று மூலை நிரம்பிவிட்டது.

எனக்குச் சந்தோசம் இல்லை. கோபம்தான் வந்தது. பத்துப் பிள்ளைகளை எடுத்து ஒழுங்காக முடிச்சும் கொடியும் முதலுதவியும் பழக்குகிறவன் நான். இவர் லொறியில் மூட்டை ஏற்றுகிற மாதிரி ஏற்றுகிறார். கழுத்துப்பட்டி இல்லை, தொப்பி இல்லை, வாக்குறுதி பாடமில்லை. வரிசையில் நிற்கும்போது அவர் போய், "கிட்ட நில்லுங்க மகன், கிட்ட நில்லுங்க, இன்னும் நாலு பேர் நிக்கலாம்" என்று நெருக்குவார். அணிநடையில் கைவீச இடம் வேண்டாமா? கை வீசினால் பக்கத்துப் பிள்ளையின் மூக்கில் பட்டது.

மாவடிப்பள்ளி வயல்பக்கம் ஒரு பாசறை போட்டோம். கூடாரத்துக்கு அளவாகப் பிள்ளைகளைத் தெரிவுசெய்து வைத்திருந்தேன். அவர் பஸ் நிறையக் கொண்டு வந்து இறக்கினார். நான் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஏசினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், பிறகு கூடாரத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு, நீளத்துக்குப் படுக்க வைத்தால்தான் இடம் காணாது, குறுக்குக்குப் படுக்க வைத்தால் காணும் என்றார். குறுக்கே படுத்தால் கால் வெளியே நீட்டியிருந்தது. மழை பெய்தது. சோறு போதவில்லை. அவர் சட்டிக்குள் இன்னும் ஒரு வாளி தண்ணீரும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கஞ்சியாக்கினார். எல்லாரும் குடித்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. தாய்மார் என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்கள், அவரிடம் இல்லை. அவரிடம் ஒருவரும் சண்டைக்குப் போவதில்லை. அதுவும் எனக்குக் கோபம்.

பாண்டிருப்பில் ஒரு சேர் இருந்தார். எங்கள் பகுதியில் மூத்த சாரண ஆசிரியர் அவர்தான். வாயைத் திறந்து பத்துச் சொல் பேசமாட்டார், ஆனால் அவர் கட்டிய முடிச்சை அவிழ்க்க அவரைத்தான் கூப்பிட வேண்டும். நான் அவரிடம் போய் முறையிட்டேன். இந்த மனிதரை எப்படியாவது நிறுத்துங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"விடு தம்பி. நாங்க இவ்வளவு காலமும் நல்ல சாரணனத் தேடினம். அந்தாள் பிள்ளைகளத் தேடுறார்."

ஊரில் கொண்டக்டர் காக்காவைப் பற்றி விதம்விதமாகக் கதைத்தார்கள். சுனாமி அன்று கடற்கரையில் யாரையோ கையால் பிடிக்க முடியாமல் விட்டவர், அதுதான் யாரையும் விடாமல் ஏற்றுகிறார் என்றார்கள். பிரச்சினைக் காலத்தில் ஒரு பஸ் ஏற்றாமல் போனதால் றோட்டில் தனித்து நின்றவர் என்றார்கள். நான் சுற்றிவளைத்துக் கேட்கிறவன் இல்லை. நேரே கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அதெல்லாம் சனம் கட்டுகிற கதை, தன் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார். பிறகு ஏன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, காலி சீட்டைக் கண்டால் தனக்கு ஒருமாதிரி இருக்கும் என்றார். எப்படி ஒருமாதிரி என்றேன். பல்லில் இறைச்சி நார் சிக்கின மாதிரி என்றார். அவ்வளவுதான் பதில். எல்லாவற்றுக்கும் கடலில் ஒரு காரணம் தேடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். இவரில் அது சரிவரவில்லை.

இனி, சின்னம் சூட்டு விழாவின் கதை.

மேலிடத்து ஆட்கள் தவணை முடிவில் வந்து பார்த்து, மாவட்டத்தை வைத்திருப்பதா கரைப்பதா என்று முடிவு சொல்வதாக இருந்தது. அதற்கு முன் புதுப் பிள்ளைகளுக்கெல்லாம் முறைப்படி சின்னம் சூட்டி முடிக்க வேண்டும். பெற்றாரைக் கூப்பிட்டோம். வழக்கமாகப் பெற்றாரை முன்கூட்டியே இருத்தி, சாரணியத்தில் எது எப்படி என்று விளங்கப்படுத்துவோம். இம்முறை அதற்கு வழியில்லை. விழாவுக்கு முதல் நாள்வரை அவர் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். காலையில்கூட ஒரு தொகுதி வந்து இறங்கியது.

சாரணர் கைகுலுக்கிக் கைலாகு கொடுப்பது இடக்கையால். உலகம் முழுக்க அப்படித்தான். பாண்டிருப்பு சேர்தான் சின்னம் சூட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் சின்னத்தைக் குத்தி, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, இடக்கையை நீட்டினார். பிள்ளை இடக்கையைக் கொடுத்தது. அடுத்த பிள்ளை. அடுத்த பிள்ளை. வரிசை நீண்டு போனது, அவருக்கும் கை பழகிப்போனது.

வரிசையில் மருதமுனை ஹாஜியார் ஒருவரின் மகன் நின்றான். ஹாஜியார் சாறன் வியாபாரி. தறிவீடுகளில் நெய்த கைலிச் சாறன்களை எடுத்துக் கட்டாகக் கட்டி, பஸ்ஸில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் கொண்டுபோய் விற்பவர். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவர் தெருவிலிருந்து வந்த பிள்ளைகளெல்லாம் அவர் மகன் வந்தபடியால் வந்தவர்கள். மகனுக்குச் சின்னம் குத்தியதும் மனிதர் பூரித்துப்போய் வரிசைக்குள் வந்துவிட்டார். முஸ்லிம்கள் நாங்கள் கைகொடுத்து முஸாபஹா செய்வது இரண்டு கையாலும். அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாண்டிருப்பு சேர் முன்னால் நின்றார். சேர் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, இடக்கையை நீட்டினார்.

ஹாஜியாரின் இரண்டு கையும் அப்படியே நின்றன. சேருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அடுத்த பிள்ளையின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்யப் போய்விட்டார். ஹாஜியார் கைகளை இறக்கினார். மகனின் தோளைப் பிடித்தார். மைதானத்தை விட்டுப் போனார். அவருக்குப் பின்னால் அவர் தெருவே போனது.

பின்னேரம் அசர் தொழுகைக்கு நான் பள்ளிவாசலுக்குப் போனபோது கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சாரணர் முறையெல்லாம் கதையில் இல்லை. பாண்டிருப்பான் ஒருவன் சபையில் வைத்து நம்மட ஹாஜியாருக்குக் கழுவுகிற கையைக் கொடுத்துவிட்டான் என்றுதான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை மருதமுனைப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்த கிழமை பாண்டிருப்புத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை மறித்தார்கள். ஏதோ பிரச்சினை வரப்போகுது போல, எதற்கு அந்தப் பக்கம் என்றார்கள். தவணை முடிய அதிக நாள் இல்லை. மாவட்டம் போனால் போகட்டும், பஸ்ஸில் ஒன்றாக வருகிற இரண்டு ஊரும் இதை வைத்து முறைத்துக்கொள்ளும் போலிருந்தது.

நான் கொண்டக்டர் காக்காவைப் பிடித்து ஏசினேன். உம்மால்தான், அவசரப்பட்டு ஏற்றினீர், விளங்கப்படுத்த நேரம் தரவில்லை என்றேன். அவர் அன்று மைதானத்தில் ஒரு காரியம் செய்தார். மிச்சமிருந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது, மருதமுனைப் பிள்ளைகள் நிற்கிற இடங்களை அப்படியே வெறுமையாக விட்டார். ஒரு பிள்ளை கிட்ட நகர்ந்தான். அவர் அவனைத் தோளில் பிடித்துப் பழைய இடத்துக்கே தள்ளினார். நெருக்கி நெருக்கி நிறுத்துகிற மனிதர். வரிசை பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். நான் புத்தகத்தில் உள்ளபடி விளங்கப்படுத்தினேன். பழைய காலத்துப் போர்வீரன் இடக்கையில் கேடயம் பிடிப்பான், நம்பிக்கையானவனைக் கண்டால் அந்தக் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு அதே கையை நீட்டுவான், அதனால் இடக்கை என்பது மரியாதை என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சேர், மருதமுனையில கேடயம் வெச்சிரிக்கிற ஒரு ஆளக் காட்டுங்க," என்றார். "அவருக்கு நானும் இடக்கையக் குடுக்கன்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

பாண்டிருப்பு சேருக்கு விசயம் தெரிந்தபோது மனிதர் உடைந்துபோனார். நானே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். அதுதான் சரி என்றேன் நான். கொண்டக்டர் காக்கா மறித்தார். மன்னிப்புக் கேட்டால் அவமதித்தது உண்மை என்று ஆகிவிடும், சேர் யாரையும் அவமதிக்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றார். எதற்குப் பொறுக்க என்று கேட்டேன். அவருக்கும் அப்போது தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பிள்ளையை நிறுத்தினாலும் ஹாஜியார் பஸ்ஸில் வருவதை நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது, சாறன் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கவா? ஒரு நாள் காலை நான் அவருக்குப் பின் சீட்டில் இருந்தேன். கொண்டக்டர் காக்கா வந்தார். காசை வாங்கினார். மிச்சத்தை இடக்கையால் நீட்டினார். ஹாஜியார் வாங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

"ஹாஜியார்," என்றார் கொண்டக்டர் காக்கா மெதுவாக, "இவ்வளவு காலமும் நான் இந்தக் கையாலதானே தந்த. நீங்க ஒண்டும் செல்லல்லயே."

பஸ் காதைத் தீட்டியது. ஹாஜியார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கு மத்தக் கை கம்பியில கிடக்கு. அத எடுத்தா விழுந்திருவாய். அவருக்கு என்ன கம்பி இரிந்த? சோத்துக்கை சும்மாதானே தொங்கிக்கிட்டிரிந்த."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ, சரியான கேள்வி என்றார். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். கொண்டக்டர் காக்கா தலையை ஆட்டினார். "ஓம், கம்பி இல்லதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். தோற்றுவிட்டார் என்று எனக்குக் கவலையாக இருந்தது, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

அதிலிருந்து இரண்டு மூன்று நாளைக்குப் பிறகு நான் வழமைபோல் ஹாஜியாருக்கு ஒரு தரிப்பிடம் முன்னால் ஏறினேன். ஏறும்போதே பாண்டிருப்பு சேர் வாசல் படியில் நின்றார். பாண்டிருப்பு மருதமுனைக்கு அடுத்த ஊர். அங்கே ஏற வேண்டிய ஆள் இங்கே எப்படி வந்தார்? கேட்டேன். மட்டக்களப்புப் பக்கம் கல்லாற்றில் தங்கைச்சி வீட்டுக்குப் போய் வருகிறேன் என்றார். சரி. உள்ளே பார்த்தால் நெரிசல்தான், ஆனால் வழக்கமான அளவுக்கு இல்லை. சேர் உள்ளே வரப் பார்த்தார். கொண்டக்டர் காக்கா கையால் மறித்தார்.

"உள்ளுக்கு வராதீங்க சேர். இதிலயே நில்லுங்க. கம்பிய நல்லாப் புடிங்க."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சேர் வலக்கையால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றார்.

ஹாஜியாரின் தரிப்பிடம் வந்தது. வழக்கமாக அவர் தேத்தண்ணிக் கடையில் இருப்பார். பஸ் நின்ற பிறகு கோப்பையை முடிப்பார், கடைக்காரனிடம் இரண்டு கதை கதைப்பார், பிறகுதான் கட்டைத் தூக்குவார். அதுவரை பஸ் நிற்கும். அன்றும் அந்த நினைப்பில்தான் இருந்தார். பஸ் நின்றது. அவர் கோப்பையை வைத்தார். கட்டைத் தூக்கி வலத் தோளில் வைத்து வலக்கையால் அணைத்தார். ஓர் அடி எடுத்து வைத்தார்.

தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது.

ட்ரைவர் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். மறுபடி இரண்டு தட்டு. பஸ் நடக்கிற மாதிரி உருளத் தொடங்கியது. ஹாஜியார் ஓடினார். சாறனை மடித்துக் கட்டக்கூட நேரமில்லை. தோளில் மூட்டை, அதை அணைத்த வலக்கை, வெறுமையாக ஆடுகிற இடக்கை. வாசலுக்கு நேரே வந்துவிட்டார். ஏறப் பிடி வேண்டும். படியில் நின்ற சேருக்கு வலக்கை கம்பியில். அவர் இடக்கையை நீட்டினார்.

ஹாஜியார் அதைப் பிடித்தார்.

படியில் இரண்டு பேருக்கு இடமில்லை. நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு நின்றார்கள். மூட்டை வெளியே தொங்கியது. பஸ் வேகம் எடுத்தது. அப்போதுதான் ஹாஜியார் தான் பிடித்திருப்பது யார் கை, எந்தக் கை என்று பார்த்தார். சேரும் பார்த்தார். சேரின் முகம் கறுத்துப்போனது. பாவம், அவர் கையை விட்டுவிடுவார் போலிருந்தது.

"விட்டுராதீங்க சேர்," என்றார் ஹாஜியார். "விழுந்திருவன்."

சேர் விடவில்லை. பாண்டிருப்புக் கோயில் வளைவு வரும்வரை அப்படியே வந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகுதான் கொண்டக்டர் காக்கா மூட்டையை வாங்கினார். "உள்ளுக்கு வாங்க ஹாஜியார், இடம் இரிக்கி," என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஹாஜியார் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தெருவும் வந்தது. பாண்டிருப்பு சேரைக் கண்டதும் மூட்டை ஏதும் இல்லாத தன் வலக்கையை ஒருமுறை பார்த்தார், முகத்தைக் கொஞ்சம் சுளித்தார், இடக்கையை நீட்டினார். விருப்பமாக நீட்டினார் என்று சொல்லமாட்டேன். நீட்டினார். பிள்ளைகள் வரிசைக்குப் போய்த் தங்கள் பழைய இடங்களில் நின்றார்கள். இடம் தயாராக இருந்தபடியால் தள்ளுமுள்ளு ஒன்றும் இல்லை. தவணை முடிவில் வந்த மேலிடத்து ஆட்கள் மைதானத்தின் நாலு மூலையையும் பார்த்துவிட்டு, மாவட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மாவட்டம் இருக்கிறது. இப்போது ஒரு மைதானம் போதாது. டீசல் கிடைக்காத காலத்தில் அந்த பஸ் நின்றது, முதலாளி விற்றுவிட்டார், கொண்டக்டர் காக்கா கட்டார் நாட்டுக்குப் போனார். அங்கே என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. எதையாவது நிரப்பிக்கொண்டிருப்பார்.

ஒன்றுதான் எனக்கு மிச்சம். ஹாஜியார் ஓடி ஏறிய அந்தக் காலை கல்முனையில் இறங்கும்போது நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். மனிதன் கால் தடுக்கிப் பஸ் சில்லுக்குள் போயிருந்தால் என்ன செய்திருப்பீர் என்றேன். அவர் வாசலால் எட்டிப் பின்சில்லைப் பார்த்தார். அவரும் அதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று விளங்கியது. சேரை நீர்தானே கல்லாற்றிலிருந்து கூட்டி வந்து படியில் நிறுத்தினீர் என்றேன். ஒழுங்கைக்குள் கை ஆட்டுகிறவளுக்கெல்லாம் காத்து நிற்கிற ஆள், கண்ணுக்கு முன்னால் மூட்டையோடு நடந்து வருகிற மனிதனை விட்டுவிட்டு ஏன் தட்டினீர்? அதை மட்டும் சொல்லும் என்றேன்.

கொண்டக்டர் காக்கா கம்பியிலிருந்த கையை எடுத்தார். இடக்கையைத் திருப்பி, ஒன்றும் கட்டியிராத மணிக்கட்டை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"நேரம் போயிட்டு சேர்," என்றார்.